நீருக்கடியில் எடுத்த படங்கள்

முன்னுரை

பேராக் மாநிலத்தில் ஈப்போவிற்கு வடக்கே, சுங்கை சிப்புட் செல்லும் வழியில் உள்ள சிற்றூர் செமோர். எங்கள் ஊரைச் சுற்றி மூன்று பொருள்களைக் காணலாம். ஒன்று, ரப்பர் தோட்டங்கள் இருந்த இடங்களில் எழும்பிய செம்பனையும் வீடமைப்புகளும். இரண்டு, சுண்ணாம்புக் குன்றுகள். மூன்று, ஈய லம்பங்கள் விட்டுச் சென்ற குட்டைகள். 1985-ஆம் ஆண்டில் உலகச் சந்தையில் ஈய விலை சரிந்ததும் கிந்தா பள்ளத்தாக்கில் பல லம்பங்கள் மூடப்பட்டன. தோண்டிய பள்ளங்களில் மழைநீர் தேங்கியது.

அத்தகைய குட்டை ஒன்றில்தான் 1986-இல் என் மாமா மூழ்கி இறந்தார். அம்மாவின் தம்பி, அப்போது அவருக்கு வயது பதின்மூன்று. மீன் பிடிக்கச் சென்றவர் கரை சரிந்து உள்ளே விழுந்தார். தோட்டத்து ஆட்கள் இறங்கித் தேடினார்கள். நீர் பால்தேநீர் நிறத்தில் இருந்ததால் கையை நீட்டினால் கையே தெரியவில்லையாம். மறுநாள்தான் உடல் கிடைத்தது. அதன்பின் எங்கள் வீட்டில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது: தண்ணீர் இருக்கும் பக்கம் போகக்கூடாது. பல்கலைக்கழகத்திற்கு வரும்வரை நான் நீந்தக் கற்றதில்லை.

அப்படிப்பட்ட நான் முக்குளிக்கவும் நீருக்கடியில் படம் எடுக்கவும் கற்றுக்கொண்டேன். நீருக்கடியில் எடுக்கும் படம் நிலத்தில் எடுக்கும் படத்திலிருந்து எவ்வாறு வேறுபடுகிறது, அதனால் யாருக்கு என்ன பயன் என்பதை எனக்குப் பிடித்த சில படங்களைக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நீருக்குள் ஒளி

முதலில் அறிவியலைப் பார்ப்போம். ஒளி நீரிலிருந்து முகக்கண்ணாடிக்குள் உள்ள காற்றிற்கு வரும்போது வளைகிறது. இதனால் நீருக்குள் காணும் பொருள் கால் பங்கு அருகிலும் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் தோன்றும். முக்குளித்துவிட்டு வருபவர்கள் கூறும் மீன்களின் அளவைக் கொஞ்சம் குறைத்தே நம்ப வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்தது நிறம். நீர் எல்லா நிறங்களையும் ஒரே அளவில் விழுங்குவதில்லை. தெளிந்த கடலிலும் ஐந்து மீட்டர் ஆழத்திலேயே சிவப்பு பெரும்பாலும் மங்கிவிடும். அதன்பின் செம்மஞ்சள், அடுத்து மஞ்சள் என வரிசையாக மறையும். இருபது மீட்டரில் எஞ்சுவது பச்சையும் நீலமும்தான். அங்கே விரலில் காயம் பட்டால் இரத்தம் பச்சையாகத் தெரியும். கறுப்பு என்று நாம் நினைத்த மென்பவளத்தின்மேல் கைவிளக்கை அடித்தால் அது குங்குமச் சிவப்பாக மாறும். விளக்கை அணைத்தால் மீண்டும் கறுப்பு.

ஆகவே, நீருக்கடியில் உண்மையான நிறத்தைப் பதிவுசெய்ய வேண்டுமானால் ஒளியை நாமே கொண்டுசெல்ல வேண்டும். அந்த ஒளியும் பொருளுக்குப் போய்த் திரும்பி வரும் வழியில் நீரால் விழுங்கப்படும். ஆதலால் மிக அருகில் செல்ல வேண்டும். நீரில் மண்துகள் இருந்தால் ஃபிளாஷ் ஒளி அவற்றில் பட்டுத் தெறித்துப் படம் முழுவதும் வெள்ளைப் புள்ளிகளாக விழும். எங்கள் ஊர்க் குட்டையில் எவ்வளவு உயர்ந்த படக்கருவியைக் கொண்டு இறங்கினாலும் ஒன்றும் தெரியாமல் போவது இதனால்தான்.

முதல் வண்ணப் படம்

இந்த இடர்ப்பாடுகளை முன்னோடிகள் எப்படி வென்றார்கள்? 1893-இல் பிரான்சின் பான்யுல்ஸ் கடற்கரையில் லூயி பூத்தான் என்னும் உயிரியலாளர் நீர் புகாத பெட்டிக்குள் படக்கருவியை வைத்துக் கடலடியில் படம் எடுத்தார். அவை கறுப்பு வெள்ளைப் படங்கள்.

எனக்குப் பிடித்த முதற்படம் அதன் பிறகு வந்தது. 1926-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா அருகே டிரை டோர்ட்டுகாஸ் தீவுகளில் வில்லியம் லாங்லி என்னும் ஆய்வாளரும் சார்லஸ் மார்ட்டின் என்னும் படக்கலைஞரும் ஹாக்ஃபிஷ் என்ற மீனை வண்ணத்தில் எடுத்தனர். ஒளிக்காக ஒரு தெப்பத்தில் மக்னீசியப் பொடியைக் குவித்து, படம் எடுக்கும் அதே நொடியில் அதைக் கொளுத்தினர். 1927-இல் நேஷனல் ஜியோகிராஃபிக் இதழில் அப்படம் வெளிவந்தது. இன்றைய கண்ணுக்கு அது மங்கலான படம்தான். ஆனால் கடலுக்குள் இறங்காத மனிதர்கள் கடலுக்குள் இருக்கும் நிறத்தைப் படமாகக் கண்டது அதன்மூலம்தான்.

1943-இல் ஜாக் கூஸ்தோவும் எமில் கான்யானும் காற்று உருளையோடு இணைந்த மூச்சுக்கருவியை உருவாக்கினர். 1963-இல் நீருக்கடியில் நேரடியாகப் பயன்படுத்தக்கூடிய நிக்கானோஸ் படக்கருவி விற்பனைக்கு வந்தது. அதுவரை சில ஆய்வாளர்களுக்கு மட்டுமே உரியதாக இருந்த கலை பலருக்கும் கைகூடத் தொடங்கியது.

திருக்கோணமலைப் படங்கள்

தமிழருக்குக் கடலடி புதிய இடமன்று. தூத்துக்குடியிலும் மன்னாரிலும் முத்தும் சங்கும் குளித்தவர்கள் நம் முன்னோர். காலில் கல்லைக் கட்டி, மூச்சை அடக்கி, கயிற்றைப் பிடித்து இறங்கினார்கள். சுறாக்களின் வாயைக் கட்டும் மந்திரம் அறிந்தவர் எனக் கருதப்பட்ட ‘கடல் கட்டி’ ஒருவரும் முத்துக்குளிப்புக் காலத்தில் அமர்த்தப்பட்டார். ஆனால், அவர்கள் கண்ட காட்சிகள் அவர்களோடு போயின. கரையில் இருந்தவர்களுக்கு வந்து சேர்ந்தது சிப்பி மட்டுமே.

எனக்குப் பிடித்த இரண்டாவது படத்தொகுதி இந்த இடத்தில்தான் பொருள் பெறுகிறது. இலங்கையின் திருக்கோணமலையில் கடலை நோக்கி நிற்கும் செங்குத்துப் பாறைமேல் திருக்கோணேஸ்வரம் உள்ளது. திருஞானசம்பந்தரால் பாடப்பெற்ற தலம் அது. பழைய கோயிலைப் போர்த்துகீசியர் 1620-களில் இடித்து, அதன் கற்களைக் கொண்டு கோட்டை கட்டினர். எஞ்சியவை கடலில் விழுந்தன என்பது மக்கள் வழிவழியாகச் சொல்லிவந்த செய்தி.

1956-இல் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவர் நண்பரும் படக்கலைஞருமான மைக் வில்சனும் இலங்கைக் கடல்களில் முக்குளித்தனர். கோணேசர் பாறையின் அடிவாரத்தில் இயற்கைப் பாறைகளுக்கிடையே மனிதக் கை செதுக்கிய கற்களையும் தூண் துண்டுகளையும் கண்டு படம் எடுத்தனர். அந்த அனுபவங்கள் கிளார்க் எழுதிய ‘தி ரீஃப்ஸ் ஆஃப் டப்ரபேன்’ என்னும் நூலில் 1957-இல் வெளிவந்தன. கடலடியிலிருந்து வில்சன் மீட்ட இலிங்கம் பின்னர்க் கோயிலைச் சேர்ந்தது. வில்சனே பிற்காலத்தில் துறவு பூண்டு சுவாமி சிவ கல்கி எனப் பெயர் பெற்றார். கிளார்க் 2008-இல் மறையும் வரை இலங்கையிலேயே வாழ்ந்தார்.

முக்குளிப்பவர் இறங்கிப் பார்த்தார், படம் எடுத்தார். அதனால் முன்னூறு ஆண்டுகளுக்கு மேலாகச் செவிவழியாக வந்த ஒரு செய்திக்குக் கண்ணால் காணும் சான்று கிடைத்தது. நீருக்கடியில் எடுக்கும் படத்தை அழகுப் பொருளாக மட்டும் பார்க்கக்கூடாது, அது ஒரு சாட்சி என்பதை நான் உணர்ந்தது இந்த வரலாற்றைப் படித்தபோதுதான்.

நான் எடுத்த படங்கள்

2023-ஆம் ஆண்டு சூலை மாதம் நண்பர்கள் ஐவருடன் பெர்ஹெந்தியான் தீவுக்குச் சென்றேன். செமோரிலிருந்து கிரிக், ஜெலி வழியாகக் கோலா பெசுட் படகுத்துறையை அடைந்து, அங்கிருந்து படகில் போக வேண்டும். வீட்டில் ‘கடற்கரை முகாம்’ என்று சொல்லியிருந்தேன். அது முழுப் பொய்யன்று, முழு உண்மையும் அன்று.

நான்கு நாள் பயிற்சி. முகக்கண்ணாடிக்குள் புகுந்த நீரை மூக்கால் ஊதி வெளியேற்றவும், இறங்கும்போது காதின் அழுத்தத்தைச் சமன் செய்யவும் கற்றுத் தந்தார்கள். எந்நிலையிலும் மூச்சை அடக்கக்கூடாது என்பது முதல் விதி. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்கு. அங்கே இழுத்த மூச்சை அடக்கியபடி மேலே வந்தால் நுரையீரலில் உள்ள காற்று இரண்டு மடங்காக விரியப் பார்க்கும்; நுரையீரல் கிழியும். முத்துக்குளித்தோர் மேலிருந்தே மூச்சை எடுத்துச் சென்றதால் அவர்களுக்கு இந்த ஆபத்து இல்லை. உருளைக் காற்றைச் சுவாசிக்கும் நமக்கு உண்டு.

முதல் முறை தலை நீருக்குள் சென்றபோது எனக்கு மாமாவின் நினைவுதான் வந்தது. மேலே ஓடிவிட நினைத்தேன். பயிற்றுநர் என் தோளைப் பிடித்துக்கொண்டு, தன் மூச்சுக்குமிழிகளைக் காட்டி, அதே வேகத்தில் என்னையும் மூச்சுவிடச் செய்தார். சில நிமிடங்கள் கழித்துத்தான் சுற்றிலும் பார்க்கத் துணிந்தேன். பத்து மீட்டருக்கு அப்பாலும் தெரிந்தது.

அங்கே தோக்கோங் லாவுட் என்றொரு முக்குளிப்பு இடம் உண்டு. கடலடியிலிருந்து எழும்பி நீருக்கு மேலே தலைகாட்டும் பாறை அது. கடற்கோயில் என்று பொருள் கொள்ளலாம். அதன் இடுக்குகளில் மூங்கில் சுறாக்கள் படுத்திருக்கும். பெயரைக் கேட்டதும் கோணேஸ்வரம் நினைவுக்கு வர, ஆர்வத்தில் அடுத்தடுத்து முப்பது படங்கள் எடுத்தேன். அத்தனையும் நீலம். மீன்கள் மிளகளவு. என் காற்துடுப்பு கிளப்பிய மணல் வேறு. நாங்கள் ‘அபாங்’ என்று அழைத்த பயிற்றுநர் அவற்றைப் பார்த்துவிட்டு, “டெக்காட் லாகி” என்றார். ‘இன்னும் கிட்டே போ’ என்பது அதன் பொருள். நீருக்கடியில் படம் எடுப்பது பற்றி நான் கற்ற மிகச் சிறந்த பாடம் அந்த இரண்டு சொற்கள்தான்.

மறுநாள் எட்டு மீட்டர் ஆழத்தில் ஒரு மேசைப் பவளத்தை ஒரு கை தூரத்திலிருந்து விளக்கொளியில் எடுத்தேன். தேன் நிறம், ஓரங்களில் இளம் ஊதா, மேலே நீலச் சிறுமீன்கள். பெரிய கலைப்படம் அன்று. ஆயினும் தேதி, ஆழம், அருகிலிருந்த பாறையின் அடையாளம் மூன்றையும் குறிப்பேட்டில் எழுதி வைத்தேன்.

2024 சூலையில் அதே பவளத்தைத் தேடிச் சென்றேன். அது வெள்ளைவெளேர் என்று இருந்தது. அவ்வாண்டு உலகெங்கும் கடல்நீர் சூடேறிப் பவளங்கள் வெளுத்தன. நம் கிழக்குக்கரைத் தீவுகளும் தப்பவில்லை. பவளத்தின் திசுக்களுக்குள் நுண்பாசிகள் வாழ்கின்றன. பவளத்திற்கு உணவில் பெரும்பகுதியையும் நிறத்தையும் அவையே தருகின்றன. வழக்கமான உச்ச வெப்பத்தைவிட ஒரு பாகை கூடுதலாகச் சில வாரங்கள் நீடித்தாலே பவளம் அப்பாசிகளை வெளியேற்றிவிடும். அப்போது கண்ணாடி போன்ற திசுவின் வழியே சுண்ணாம்பு எலும்பு தெரியும். அதுவே நாம் காணும் வெண்மை. பவளம் இன்னும் சாகவில்லை, பட்டினி கிடக்கிறது. வெப்பம் விரைவில் தணிந்தால் பிழைக்கும்.

வேடிக்கை என்னவென்றால், அந்த வெள்ளைப் பவளத்தின் படத்தைக் கண்ட நண்பர்கள் “எவ்வளவு அழகு!” என்றார்கள். 2023-ஆம் ஆண்டுப் படத்தைப் பக்கத்தில் வைத்த பிறகுதான் அமைதியானார்கள். 2025-இல் மூன்றாம் முறை சென்றேன். ஒரு பாதி மீண்டும் பழுப்பு நிறம் பெற்றிருந்தது. மறுபாதியில் பாசி படர்ந்திருந்தது. இந்த மூன்று படங்களும் சேர்ந்துதான் எனக்குப் பிடித்த மூன்றாவது படம்.

தொடங்குவோர்க்குச் சில குறிப்புகள்

முதல் சில முக்குளிப்புகளில் படக்கருவியே வேண்டாம். மிதப்பைச் சமன்செய்யத் தெரியாதவர் படம் எடுக்கப் போனால் பவளத்தை மிதிப்பார். ஒரு சாண் பவளம் வளரப் பல ஆண்டுகள் ஆகும்.

விலையுயர்ந்த கருவி தேவையில்லை. கைப்பேசியை வைக்கும் நீர் புகாத உறையும் ஒரு நல்ல கைவிளக்கும் போதும். உறையின் ரப்பர் வளையத்தில் ஒரு மயிரிழை சிக்கினாலும் நீர் புகும். ஒவ்வொரு முறையும் துடைத்துப் பாருங்கள்.

மீனுக்கு மேலிருந்து எடுக்காதீர்கள். அதன் கண்மட்டத்திற்கு இறங்கிச் சற்று மேல்நோக்கி எடுங்கள். மீனைத் துரத்தாதீர்கள், அசையாமல் இருந்தால் அதுவே வரும்.

படத்தின் நிறத்தைக் கணினியில் திருத்தலாம். ஆனால் அளவு மீறினால் வெளுத்த பவளமும் நலமாகத் தோன்றும். மூலப்படத்தை அழிக்காமல் வையுங்கள். நாள், இடம், ஆழம் எழுதாத படம் பாதிப் படம்.

முடிவுரை

2024-ஆம் ஆண்டு தீபாவளி விடுமுறையில் அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். கோபப்பட்டார். இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் அவராகவே “அந்தப் படத்தைக் காட்டு” என்றார். தேன்நிறப் பவளத்தையும் அதன்மேல் மிதக்கும் என் நிழலையும் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பவளத்தைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. “தண்ணிக்குள்ள இவ்வளவு தெளிவா தெரியுமா?” என்று மட்டும் கேட்டார். தெரியும் என்றேன். 2025-இல் நான் புறப்பட்டபோது பையில் மாற்றுத்துணியும் புளிச்சோறும் எடுத்துவைத்தவர் அம்மாதான்.

எங்கள் ஊர்ச் சுண்ணாம்புக் குன்றுகளும் ஒரு காலத்தில் கடலடிதான். 25 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு வெப்பக் கடலில் வாழ்ந்த உயிர்களின் ஓடுகளும் எலும்புகளும் படிந்து கல்லானவை அவை. கிந்தா பள்ளத்தாக்கின் சில இடங்களில் அக்காலப் பவளங்களின் சுவடுகள் கிடைத்துள்ளன. அந்தக் கடலைப் படம் எடுக்க அன்று யாரும் இல்லை. இன்றைய கடலைப் பார்க்க நாம் இருக்கிறோம். ஆகவே, மாணவ நண்பர்களே, முதலில் நீந்தக் கற்றுக்கொள்ளுங்கள். வாய்ப்புக் கிடைத்தால் முறையாகப் பயின்று கடலுக்குள் இறங்குங்கள். நீங்கள் கண்டதைப் படமெடுத்து, தமிழில் நான்கு வரி எழுதி, கரையில் இருப்பவர்களுக்குக் காட்டுங்கள்.