காரையும் சேர்த்து வீட்டு விலை போடுங்கள்

கேள்வி: நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் அரசு அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். மனைவி அண்ணாமலை நகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் செவிலியர். சிதம்பரம் மேல வீதிப் பக்கம் வாடகைக்கு இருக்கிறோம். ஒரு மகள், ஏழாம் வகுப்பு. அம்மாவும் எங்களோடுதான், மூட்டு வலி, படி ஏறமாட்டார். சொந்த வீட்டுக்கு மூன்று இடம் பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்று, மஞ்சக்குப்பம் பக்கம் லிஃப்ட் உள்ள அபார்ட்மென்ட், இரண்டு படுக்கையறை, 46 லட்சம். கார் பார்க்கிங் வேண்டுமானால் மேலே 3 லட்சம் என்கிறார் பில்டர். இரண்டாவது, சிதம்பரம் வடக்கு வீதியை ஒட்டிய சந்தில் பழைய வீடு, முன்கட்டு ஓடு, பின்கட்டு தளம், 44 லட்சம். சந்துக்குள் கார் நுழையும், திரும்பாது. வீட்டில் நிறுத்தவும் இடமில்லை. மூன்றாவது, பைபாஸ் தாண்டிப் புது நகர் ஒன்றில் தனி வீடு, போர்டிகோவோடு 36 லட்சம். அங்கே பால் வாங்கக்கூட வண்டி எடுக்க வேண்டும். எப்படியும் 8 லட்சத்துக்குள் ஒரு கார் வாங்குவதாக இருக்கிறோம். “கார் நிறுத்த இடமில்லாத வீட்டை வாங்கினால் நாளைக்கு விற்க முடியாது” என்று மச்சான் சொல்கிறார். எதை வாங்குவது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சிதம்பரம்

பதில்: மூன்று வீட்டுக்கும் விலை எழுதியிருக்கிறீர்கள். காருக்கு எழுதியது ஷோரூம் பலகையில் இருக்கும் விலை. முதலில் அதைச் சரி செய்துகொள்வோம், பிறகு வீட்டுக்கு வரலாம்.

8 லட்சம் ரூபாய் காருக்குத் தமிழ்நாட்டில் ஆயுள் வரி 13 சதவீதம். 2023 நவம்பரில் வரியைக் கூட்டியபோது 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரையுள்ள கார்களுக்கு வைத்த விகிதம் இது. அதுவே 1,04,000 ரூபாய். மூன்றாம் நபர் காப்பீட்டை மூன்று வருடத்துக்குச் சேர்த்து முதல் நாளே கட்ட வேண்டும். எல்லாம் சேர்ந்து கார் தெருவுக்கு வரும்போது ஒன்பதரை லட்சம் என்று வையுங்கள். பத்து வருடம் ஓட்டி 2 லட்சத்துக்கு விற்றால், தேய்ந்துபோன ஏழரை லட்சத்துக்கு மாதம் 6,250. கார் கடன் வட்டியைப் பத்து வருடத்துக்குப் பரப்பினால் மாதம் சுமார் 1,500. காப்பீட்டுக்கு 1,500. சர்வீஸ், டயர், பேட்டரிக்கு இன்னொரு 1,500. பைபாஸ் தாண்டிய வீட்டிலிருந்து ஒரு நாளைக்கு 30 கிலோமீட்டர் ஓடினால் பெட்ரோலுக்கு 5,000. மொத்தம் மாதம் 16,000 ரூபாய்க்கு ஒட்டி வருகிறது. என் கணக்கு தோராயமானதுதான். உங்கள் ஓட்டத்துக்குத் தக்கபடி திருத்திக்கொள்ளுங்கள். ஆனால் கார் வாசலிலேயே நின்றாலும் இதில் 10,000 ரூபாய்க்கு மேல் போய்க்கொண்டேதான் இருக்கும்.

இப்போது வீட்டுக் கடன். 9 சதவீத வட்டியில் 20 வருடக் கடனுக்கு லட்சத்துக்கு மாதத் தவணை ஏறக்குறைய 900 ரூபாய். காருக்குப் போகும் அந்த 16,000 ரூபாய், 17 லட்சத்துக்குச் சற்று மேலான வீட்டுக் கடனைச் சுமக்கும். அதாவது காரில்லாமல் வாழ முடியாத 36 லட்ச வீடு உங்களுக்கு 53 லட்சத்துக்கு மேல் ஆகிறது. காரில்லாமலே இருக்க முடிகிற 44 லட்ச வீடு 44-தான். போதாததற்கு, அந்த 17 லட்சத்தை வீட்டில் போட்டால் கடைசியில் மண்ணும் சுவருமாவது மிஞ்சும். காரில் போட்டால் பத்தாவது வருடம் புதுக் காருக்குக் கடன் விண்ணப்பம் எழுத வேண்டியதுதான்.

பைபாஸ் வீட்டில் இன்னொரு சிக்கல். கார் ஒன்று, போக வேண்டியவர்கள் மூன்று பேர். மனைவி இரவு ஷிப்டுக்குக் காரை எடுத்துப் போனால், காலையில் மகளைப் பள்ளியில் விட உங்களிடம் ஸ்கூட்டர்தான். நீங்கள் காரிலேயே கடலூர் போவதென்றால் போக வர 90 கிலோமீட்டர். பெட்ரோல் மட்டுமே மாதம் 15,000 ரூபாயைத் தொடும், கொத்தட்டைச் சுங்கச்சாவடிக்கு அழுவது தனி. வீட்டு விலை 36 என்று பார்த்து மயங்கி, இரண்டு வருடத்தில் இரண்டு வண்டி வைத்திருக்கும் குடும்பங்களை இந்தப் பகுதியில் நிறையப் பார்க்கலாம். அப்படியும் அந்த வீடுதான் பிடித்திருக்கிறது என்றால், மனைக்கு டி.டி.சி.பி. அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவான அங்கீகாரமில்லாத மனையாக இருந்தால், 2017-ஆம் ஆண்டுத் திட்டத்தில் வரன்முறைப்படுத்திய ஆணையைக் கேளுங்கள். சிதம்பரத்தைச் சுற்றிப் பெரும்பாலும் நஞ்சை மண். ஐப்பசி கார்த்திகையில் நல்ல மழை பெய்த மறுநாள் போய், போர்டிகோ தரை தெருவைவிட எவ்வளவு உயரம் என்று கண்ணால் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.

மஞ்சக்குப்பம் அபார்ட்மென்ட்டை நான் வேண்டாம் என்பதற்கு முதல் காரணம் பார்க்கிங் அல்ல, உங்கள் மனைவியின் வேலை. உங்களுக்கு அலுவலக நேரம் நிலையானது, அவருக்கு ஷிப்ட். நேரம் மாறும் வேலை யாருக்கோ அவருக்குப் பக்கத்தில்தான் வீடு இருக்க வேண்டும். நீங்கள் சிதம்பரத்தில் ரயில் ஏறித் திருப்பாதிரிப்புலியூரில் இறங்கி, கெடிலம் பாலம் தாண்டினால் மஞ்சக்குப்பம். சீசன் டிக்கெட் செலவு பெட்ரோலுக்குப் பக்கத்திலேயே வராது; ரயில் தவறினால் பேருந்து. அவரோ இரவு ஷிப்ட் முடிந்து 45 கிலோமீட்டர் தூக்கக் கலக்கத்தில் ஓட்டி வர வேண்டும். அதற்கா கார்? தவிர, அரசு வேலை என்பதால் இன்றைக்குக் கடலூர், நாளைக்கு விருத்தாசலம் என்று உங்களை மாற்றவும் கூடும்.

ஆனாலும் அந்த 3 லட்சத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இதே கேள்வியோடு வரும் கடிதங்கள் அதிகம். ஒரு கார் நிற்கப் பொதுவாகக் கணக்கிடும் இடம் இரண்டரை மீட்டருக்கு ஐந்து மீட்டர், சுமார் 135 சதுர அடி. உங்கள் மகளுக்கென்று பில்டர் காட்டிய படுக்கையறை பத்துக்குப் பன்னிரண்டாக இருந்தால் அது 120 சதுர அடிதான். அந்த அறையைவிடப் பெரிய இடத்துக்கு 3 லட்சம் என்றால் மலிவாகத் தெரியும். எதை விற்கிறார் என்பதில்தான் வில்லங்கம். திறந்தவெளிப் பார்க்கிங் இடம், 2016-இல் வந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி பொதுப் பகுதி. எல்லா வீட்டுக்காரர்களுக்கும் பொது, தனியாக விற்க முடியாது. அதே சட்டத்தில் கராஜ் என்றால் கூரையும் மூன்று பக்கம் சுவரும் இருக்க வேண்டும். தூண்களுக்கு நடுவே மஞ்சள் கோடு போட்ட இடத்தில் சுவர் ஏது? அத்தகைய தரைத்தள இடத்தைக் கராஜ் என்று சொல்லித் தனியாக விற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2010 ஆகஸ்டில், மும்பை வழக்கு ஒன்றில், மகாராஷ்டிரச் சட்டத்தை வைத்துத் தீர்ப்புச் சொன்னது. இருந்தும் ‘கவர்டு கார் பார்க்கிங்’ என்று பணம் வாங்குவது எங்கும் நிற்கவில்லை.

அதனால் நடைமுறையில் செய்ய வேண்டியது இது: அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தில் அந்த இடம் பார்க்கிங்காகக் காட்டப்பட்டிருக்கிறதா, எத்தனை வீட்டுக்கு எத்தனை இடம் என்று எண்ணுங்கள். உங்களுக்கு ஒதுக்கிய இடத்தின் எண்ணை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். துண்டுச் சீட்டில் எழுதித் தரும் கடிதம் பில்டர் போன பிறகு சங்கக் கூட்டத்தில் செல்லாது. நிலம் 500 சதுர மீட்டருக்கு மிகாமலோ, வீடுகள் எட்டுக்கு மிகாமலோ இருந்தால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தில் பதிவு கட்டாயமில்லை. கடலூர் போன்ற ஊரில் சின்னக் கட்டடங்கள் பலவும் அந்த வரம்புக்குள் அடங்கிவிடும். அங்கே உங்களைக் காக்கப் போவது நீங்கள் கையெழுத்திடும் தாள் மட்டுமே.

கடலூர் என்பதால் வெள்ளத்தையும் விட முடியாது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்த பிறகு, சாத்தனூர் அணை நீரும் சேர்ந்து தென்பெண்ணை கரை புரண்டபோது ஊரின் பல பகுதிகளில் தண்ணீர் நின்றது. வீடு மாடியில் தப்பிக்கும். தரைத்தளக் கார் தப்பாது. மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வைத்திருப்பவருக்கு ஒரு பைசா வராது. முழுக் காப்பீடு இருந்தாலும், தண்ணீரில் நிற்கும் காரைச் சாவி போட்டுக் கிளப்பி என்ஜின் கெட்டால், அதற்கென்று தனிப் பாதுகாப்பு எடுக்காதவருக்குப் பெரும்பாலும் பணம் மறுக்கப்படும்.

ஆக, வடக்கு வீதிச் சந்து வீடு. என் ஓட்டு அதற்குத்தான், ஒரு நிபந்தனையோடு. சந்தில் கார் நுழையும் என்கிறீர்கள். 108 வண்டி காரைவிட அகலம், உயரம். கேபிள் கம்பி, மின் கம்பம், எதிர்வீட்டு மாடிப்படி எல்லாம் தாண்டி அது உங்கள் வாசல் வரை வருமா என்று பாருங்கள். வராது, ஆனால் இருபது முப்பதடியில் நிற்கும் என்றால் பரவாயில்லை, ஸ்டிரெச்சர் தள்ளிவிடலாம். வீதி முனையிலேயே நின்றுவிடும் என்றால், அம்மாவை நினைத்து அந்த வீட்டை விட்டுவிட்டு அதே வட்டாரத்தில் வேறு தேடுங்கள். ஆனித் திருமஞ்சனம், மார்கழித் திருவாதிரை இரண்டுக்கும் தேர் ஓடும்போது நான்கு வீதியிலும் எந்த வண்டியும் நகராது. மேல வீதியில் இருக்கிற உங்களுக்கு இது நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த நாட்களில் அவசரமென்றால் எந்தச் சந்து வழியாக வெளியே போவது என்று மட்டும் இப்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வீட்டை வாங்கினால் காரைத் தள்ளிப் போடுங்கள். மனைவிக்கு மருத்துவமனை ஸ்கூட்டர் தூரம். பகல் ஷிப்ட் என்றால் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமும் இல்லை. அம்மாவை ஜிப்மருக்கோ வேறெங்கோ அழைத்துப் போக வாடகைக் கார் வையுங்கள். மாதம் 4,000 ரூபாயைத் தனிக் கணக்கில் போட்டுவிட்டு, ஒரு வருடம் கழித்து எவ்வளவு மீதி இருக்கிறது என்று பாருங்கள். தீர்ந்து போய்க் கைக்காசும் போட்டிருந்தால் அப்போது கார் வாங்கலாம். தெருவில் காலி மனை வைத்திருப்பவரிடம் மாத வாடகைக்கு இடம் பேசிக்கொள்ளலாம். பார்க்கிங்குக்கு அந்த பில்டர் கேட்ட 3 லட்சத்துக்கு வட்டியே மாதம் 2,000 ரூபாய்க்கு மேல் வரும், அதற்குள் பேசி முடியுங்கள். தயவுசெய்து திண்ணையை இடித்துவிட்டு வாய்க்கால் மேல் சரிவு கட்டிக் காரை ஏற்றும் யோசனைக்கு மட்டும் போக வேண்டாம். நகராட்சி ஆக்கிரமிப்பு அகற்ற வரும்போது முதலில் உடைவது அதுதான், மழை நாளில் முதலில் அடைத்துக்கொள்வதும் அதுதான்.

ஜப்பானில் 1962 முதல், கார் நிறுத்த இடம் இருக்கிறது என்று போலீஸ் நிலையத்தில் சான்று வாங்காமல் பெரும்பாலான இடங்களில் காரைப் பதிய முடியாது. சிங்கப்பூரில் அரசு அடுக்குமாடியில் வீடு வாங்கியவரும் காருக்கு மாதச் சீட்டுத் தனியாக எடுக்க வேண்டும். உங்கள் உறவில் யாராவது அங்கே இருந்தால் கேட்டுப் பாருங்கள், கார் ஏன் வாங்கவில்லை என்று ஒரு மணி நேரம் சொல்வார்கள். நம் ஊரில் தெரு இலவசம் என்பதால் இந்தக் கணக்கை யாரும் நம்மிடம் கேட்பதில்லை.

மச்சான் சொன்னதில் பாதி உண்மை. கார் நிற்காத வீட்டைக் கேட்டு வருபவர்கள் குறைவு, விற்க நாளாகும், விலையும் இறங்கும். அந்த இறக்கம் நீங்கள் வாங்கும்போதும் இருக்க வேண்டுமல்லவா? வடக்கு வீதியில் கார் நிற்கும் வீடு என்ன விலைக்குப் போகிறது என்று விசாரித்து, அந்த வித்தியாசத்தைச் சொல்லியே 44-ஐக் குறைத்துப் பேசுங்கள். பேரம் பேச மச்சானையே கூட்டிப் போங்கள்.