எரிவாயுவில் ஓடும் மின்னாக்கி

பெட்ரோலில் ஓடும் சிறு ஜெனரேட்டரைச் சமையல் எரிவாயுவில் ஓட்ட இயலுமா என்று தோட்டத்து அன்பர்கள் சிலர் வினவுவதுண்டு. பிளக் உள்ள இயந்திரமாயின் இயலும். டீசல் இயந்திரத்தில் தீப்பொறி இல்லை. ஆதலால் அது எரிவாயுவை மட்டும் கொண்டு ஓடாது.

கலனில் இருப்பது புரோப்பேன், பியூட்டேன் ஆகியவற்றின் கலவை. அது பெட்ரோலைப்போல் கார்புரேட்டரில் தேங்கிப் பிசினாவதில்லை. பிளக்கில் கரியும் குறைவு. ஆற்றல் மட்டும் சற்றுக் குறையும்.

அடுப்புக் குழாயை நேரே இயந்திரத்தில் செருகுவோர் பெரும்பிழை செய்கின்றனர். அடுப்பு ரெகுலேட்டர், இயந்திரம் நின்ற பின்னும் வாயுவை விட்டுக்கொண்டே இருக்கும். இயந்திரத்திற்கென்றே செய்யப்பட்ட ரெகுலேட்டரோ, அது உறிஞ்சும்போது மட்டும் திறந்து, நின்றதும் மூடிக்கொள்ளும். அதனைப் பயிற்சி பெற்றவரே பொருத்துதல் வேண்டும். புரோப்பேன் காற்றைவிட ஏறத்தாழ 1½ மடங்கு கனமானது. கசிந்தால் கூரைக்கு ஏறாது. தரையில் படர்ந்து, கால்வாய் வழியே அடுத்த வீட்டு அடுப்பங்கரைக்கும் செல்லும். வரிசை வீடுகளில் வாழ்வோர்க்கு இதற்குமேல் நாம் விளக்க வேண்டியதில்லை.

கலனை நிமிர்த்தியே வையுங்கள். சாய்த்தால் திரவமே குழாயில் பாயும். மின்னாக்கி வெளியில், கதவு சன்னல்களுக்கு 20 அடியேனும் தள்ளி நிற்கட்டும். மழைக்கு அஞ்சி உள்ளே கொண்டுவராதீர்கள். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு மணமற்ற நஞ்சு. இணைப்புகளில் சவர்க்கார நீரைப் பூசிப் பாருங்கள். குமிழி எழுந்தால் கலனை உடனே மூடிவிடுங்கள்.