மடங்கும் தாங்கி

புனே தொடர்வண்டி நிலையத்திற்குக் கிழக்கே, சோலாப்பூருக்கும் மிரஜுக்கும் இருப்புப்பாதைகள் பிரிந்து செல்லும் இடத்தை ஒட்டி அமைந்தது கோர்படி. ஒருபுறம் படைவீரர் குடியிருப்புகள்; மறுபுறம் இரயில் எஞ்சின் கொட்டகை. படையிலும் இரயில்வேயிலும் பணியாற்ற வந்த தமிழ்க் குடும்பங்கள் இப்பகுதியில் வாழ்கின்றன.

சூன் முதல் செப்டம்பர் வரை இங்கு மழைக்காலம். அதன்பின் வரும் குளிர்காலத்தில் கம்பளி மேலங்கி இல்லாமல் காலையில் வெளியே செல்வது கடினம். தென்மாவட்டங்களிலிருந்து வந்தவர்களின் பெட்டிகளில் முதலில் இவை இருப்பதில்லை. வந்த ஓரிரு ஆண்டுகளில் மழையங்கி, மேலங்கி, தொப்பி, குல்லாய் என ஒவ்வொன்றாகச் சேர்ந்துவிடும். அவற்றை எங்கே மாட்டுவது என்பது சிறிய வீடுகளில் பெரிய வினா.

உடன்குடியிலிருந்து வந்த குடும்பம் ஒன்று அத்தகைய வாடகை வீடொன்றில் வாழ்ந்தது. வாயிலை அடுத்த நடை ஒரு மீட்டர் அகலமே உடையது. சுவரில் புதிதாக ஆணி அடிக்கக் கூடாது என்பது வீட்டு உரிமையாளருடன் செய்துகொண்ட உடன்பாடு. ஏற்கெனவே இருந்த ஒரே ஓர் ஆணியில் நான்கு மழையங்கிகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தொங்கின.

ஆகத்து மாதத்தில் ஒருநாள் ஊரிலிருந்து பொதி ஒன்று வந்தது. ஆச்சி அனுப்பிய கருப்பட்டி, ஓலைக்கொட்டானில் வைத்துத் துணியால் சுற்றித் தைக்கப்பட்டிருந்தது. ஆச்சிக்கு முழங்கால் வலி; இரண்டு ஆண்டுகளாக அவரால் புனேவுக்கு வர இயலவில்லை. தந்தை பொதியை நடையின் ஓரத்தில் வைத்துவிட்டுப் பணிக்குச் சென்றார். மாலையில் பள்ளியிலிருந்து நனைந்து வந்த மகள், தன் மழையங்கியை வழக்கம்போல் அந்த ஆணியில் மாட்டினாள். அதன் நேர்கீழே பொதி இருந்ததை அவள் கவனிக்கவில்லை. கருப்பட்டி ஈரத்தை எளிதில் உறிஞ்சும் பொருள். இரவில் பொதியை அவிழ்த்தபோது பாதி கரைந்து, ஓலையின் இடுக்குகள் வழியே கரும்பாகாக வழிந்திருந்தது.

அன்றிரவே ஆச்சி தொலைபேசியில் அழைத்தார்.

“கருப்பட்டி நல்லபடியாக வந்து சேர்ந்ததா, அம்மா?”

“பாதிதான் ஆச்சி. மீதியை நான்தான் நனைத்துவிட்டேன்.”

மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, “அடுத்தது அனுப்புவதற்குள் அதை வைக்க ஓர் இடம் பார்த்து வை” என்றார் ஆச்சி.

இடம் பார்ப்பது அத்துணை எளிதன்று. பழைய தமிழ் வீடுகளில் இதற்கென்றே பல அமைப்புகள் இருந்தன. தலைக்கு மேலே பரண். சுவரில் குடைந்த மாடம். துணி போடுவதற்குக் கொடி. பூனைக்கும் எறும்புக்கும் எட்டாமல் பால்பானையை வைக்க உத்திரத்தில் தொங்கும் உறி. ஆனால் பரணும் மாடமும் வீட்டோடு பிறந்தவை. கொடிக்கும் உறிக்கும் ஆணியோ உத்திரமோ வேண்டும். மூன்று ஆண்டுகளுக்கொரு முறை ஊர் மாறும் குடும்பம் சுவரையும் உத்திரத்தையும் உடன் கொண்டுபோக முடியாது. ஆகவே, தானே நிற்கவும் வேண்டும். வேண்டாதபோது மடங்கவும் வேண்டும்.

சிறுமி முதலில் வரைந்தது, கடைகளில் காணப்படும் நீண்டு சுருங்கும் மரத்தாங்கியை. 25 செ.மீ. நீளமுள்ள ஆறு பட்டைகளை இரண்டிரண்டாகக் குறுக்கே வைத்து, மூன்று பெருக்கல் குறிகளாக ஆக்கி, அவற்றை வரிசையாக இணைத்தாள். விரிக்கும்போது ஒவ்வொரு குறியும் 20 செ.மீ. அகலமும் 15 செ.மீ. உயரமும் உடையது, மொத்த அகலம் 60 செ.மீ. சுருக்கும்போது ஒவ்வொன்றும் 7 செ.மீ. அகலமும் 24 செ.மீ. உயரமும் ஆகும், மொத்த அகலம் 21 செ.மீ. மட்டுமே. பட்டையின் நீளம் மாறுவதில்லை. 15, 20 ஆகியவற்றின் வருக்கங்களைக் கூட்டினாலும், 7, 24 ஆகியவற்றின் வருக்கங்களைக் கூட்டினாலும் 25-இன் வருக்கமாகிய 625 கிடைப்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம்.

கணக்கு அழகாக வந்தது. ஆயினும் அத்தாங்கியைச் சுவரில்தான் மாட்ட வேண்டும். பொதி வைக்கவும் அதில் இடமில்லை. தாளை மடித்து எடுத்துக்கொண்டு அவள் அடுத்த தெருவுக்குச் சென்றாள். அங்கே இரயில்வே பணிமனையில் தச்சராக இருந்து ஓய்வு பெற்ற முதியவர் ஒருவர் இருந்தார். தெருவில் உள்ள தமிழ்ப் பிள்ளைகள் அனைவருக்கும் அவர் தாத்தா.

அவர் தாளைப் பார்த்தார். பின்பு விளக்குமாற்றிலிருந்து ஏழு ஈர்க்குகளை உருவி, நான்கை நூலால் கட்டிச் சதுரமாக்கினார். மூன்றைக் கட்டி முக்கோணமாக்கினார்.

“இரண்டையும் ஓரத்தில் பிடித்து அழுத்திப் பார், அம்மா.”

சதுரம் சாய்ந்து சரிந்தது. முக்கோணம் அசையவில்லை.

“நிற்க வேண்டிய பொருளில் முக்கோணம் இருக்க வேண்டும். மடங்க வேண்டிய பொருளில் அந்த முக்கோணத்தின் ஒரு பக்கம் விலகக் கூடியதாக இருக்க வேண்டும். ஊருக்குப் போகும்போது நடுப்படுக்கையில் படுத்திருக்கிறாயா?”

“படுத்திருக்கிறேன், தாத்தா. அதற்கு இரண்டு பக்கமும் சங்கிலி இருக்கும்.”

தொடர்வண்டியின் மூன்றடுக்குப் படுக்கைப் பெட்டியில் நடுப்படுக்கை இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரைதான் படுக்கை. பகலில் அது கீழிறங்கிச் சாய்மானமாகிவிடும். பின்விளிம்பு கீலில் நிற்க, முன்விளிம்பை மேலிருந்து சங்கிலி பிடித்துக்கொள்ளும். சுவர், பலகை, சங்கிலி ஆகிய மூன்றும் சேர்ந்து முக்கோணம். சங்கிலியைக் கழற்றினால் முக்கோணம் மறைகிறது, படுக்கை மடங்குகிறது. மூன்றாம் பக்கம் மரமாகவோ இரும்புக் கம்பியாகவோ இருக்க வேண்டுவதில்லை. இழுவிசையை மட்டும் தாங்க வேண்டிய இடத்தில் சங்கிலியும் கயிறும் துணியும் போதும்.

இந்த உண்மையைப் படைப்பொறியாளர்கள் நன்கு பயன்படுத்தினர். இமயமலை அடிவாரத்தில் உள்ள ரூர்க்கி, வங்காளப் படைப்பொறியாளர் பிரிவின் தலைமையிடம். சென்னைப் பிரிவுக்குப் பெங்களூரும், பம்பாய்ப் பிரிவுக்குப் புனேவின் மறுகோடியில் உள்ள கட்கியும் அத்தகைய தலைமையிடங்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ரூர்க்கியில் உருவான நாற்காலி ஒன்று அவ்வூரின் பெயராலேயே வழங்குகிறது. அதில் ஆணி இல்லை, பசை இல்லை. குறுக்குச் சட்டங்களின் கூம்பிய முனைகள் கால்களின் துளைகளில் செருகப்பட்டிருக்கும். இருக்கை கித்தானால் ஆனது. ஒருவர் அமரும்போது கித்தான் விறைத்து, இணைப்புகள் இறுகும். கால்கள் சிறிதளவு தனித்தனியே அசையக் கூடியவை ஆதலால், மேடுபள்ளமான தரையிலும் நான்கும் ஊன்றிக்கொள்ளும். கழற்றிச் சுருட்டினால் ஒரு தோள்மூட்டை. டென்மார்க் நாட்டுக் கட்டடக் கலைஞர் கோரெ கிளிண்ட் இதனை முன்மாதிரியாகக் கொண்டு 1933-இல் ஒரு நாற்காலியை வடிவமைத்தார்.

இந்நாற்காலியைப் பற்றித் தாத்தா கூறிக்கொண்டிருந்தபோது சிறுமிக்கு உடன்குடி வீட்டு உறி நினைவுக்கு வந்தது. பானை இல்லாதபோது உறி வெறும் கயிறு; பானையை வைத்ததும் அதற்கு வடிவம் வந்துவிடும். அதைத் தொங்கவிட உத்திரம் இல்லாவிட்டால் என்ன? இரண்டு சட்டங்களுக்கு இடையே கட்டலாமே!

அவள் இப்போது வரைந்தது ஒரே ஒரு பெருக்கல் குறி. ஆனால் பெரியது. இரண்டு மரச்சட்டகங்கள், ஒன்று 60 செ.மீ. அகலம், மற்றொன்று அதனுள் அடங்குமாறு 50 செ.மீ. அகலம். கால்களின் நீளம் 160 செ.மீ. அடியிலிருந்து 100 செ.மீ. தொலைவில் இரு சட்டகங்களையும் பக்கத்திற்கொரு போல்ட்டால் இணைக்க வேண்டும். 150 செ.மீ. தொலைவில் மேற்குறுக்குச் சட்டங்கள். அவற்றிற்கு இடையே கயிற்று வலை; பொதிகளுக்கு அதுவே இடம். சட்டங்களின் வெளிப்புறத்தில் பக்கத்திற்கு மூன்று மரமுளைகள், மழையங்கிகளுக்கு. கால்களின் நான்கு நுனிகளும் மேலே 10 செ.மீ. நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றில் தொப்பிகளைக் கவிழ்க்கலாம்.

பொதி மேலே, ஈர அங்கி கீழே. இந்த வரிசையை மட்டும் அவள் எந்தப் படத்திலும் மாற்றவில்லை.

“போல்ட்டை ஏன் நடுவில் வைக்காமல் மேலே ஏற்றினாய்?” என்று தாத்தா கேட்டார்.

“கால்கள் அகல நிற்பதற்காக, தாத்தா.”

நடுவில் இணைத்தால் மேலும் கீழும் ஒரே அகலம். மூன்றில் இரண்டு பங்கு உயரத்தில் இணைத்தால், மேலே 30 செ.மீ. விரியும்போது கீழே 60 செ.மீ. விரியும். முளைகள் 8 செ.மீ. நீளமுடையவை, அவற்றின் முனை நடுக்கோட்டிலிருந்து 23 செ.மீ. தொலைவில் இருக்கும், கால்களோ 30 செ.மீ. தொலைவில் ஊன்றும். நூலில் கல்லைக் கட்டி முளையின் முனையிலிருந்து தொங்கவிட்டால், கல் கால்களுக்கு உட்புறம் நிற்க வேண்டும். கல் வெளியே போனால், ஒரு பக்கத்தில் மட்டும் கனமான அங்கிகளை மாட்டும்போது தாங்கி கவிழக் கூடும். கொத்தனாரின் தூக்குக்குண்டு சுவருக்குச் செய்யும் வேலையை இங்கே ஒரு கூழாங்கல் செய்கிறது.

பழைய மரப்பெட்டிகளிலிருந்து எடுத்த சட்டங்களைக் கொண்டு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் தாங்கி உருவாயிற்று. அறுப்பதும் துளையிடுவதும் தாத்தாவின் வேலை. உப்புத்தாள் தேய்ப்பதும் வலை பின்னுவதும் சிறுமியின் வேலை.

முதற்சோதனையில் தோல்வி. பொதிக்குப் பதிலாக 10 கிலோ அரிசி மூட்டையை வலையில் வைத்தார்கள். மேற்சட்டங்கள் இரண்டும் ஒன்றை நோக்கி ஒன்று நெருங்கின. கால்கள் தரையில் தேய்த்துக்கொண்டு உள்ளே வந்தன. நின்ற தாங்கி தானே மடங்கத் தொடங்கியது. சிறுமி வலையை மிகவும் இறுக்கமாகப் பின்னியிருந்தாள். மூட்டை தொய்ந்தது 5 செ.மீ. மட்டுமே. இறுக்கமாக இருந்தால்தான் வலிமை என்பது அவள் எண்ணம். பெரும்பாலோர் எண்ணமும் அதுவே.

நடந்தது வேறு. இரு வாளிகளைத் தூக்கிச் செல்லும்போது கைகளைத் தொங்கவிட்டால் எளிது. பக்கவாட்டில் நீட்டினால் தோள் நோகும். கயிறும் அவ்வாறே. 30 செ.மீ. இடைவெளியில் 5 செ.மீ. மட்டும் தொய்ந்த வலையின் நடுவில் 10 கிலோ வைத்தால், ஒவ்வொரு பக்கத்திலும் ஏறத்தாழ 16 கிலோ எடைக்கு ஈடான இழுவிசை தோன்றும். அதே வலை 18 செ.மீ. தொய்ந்தால் இழுவிசை 6.5 கிலோ அளவே. அந்த இழுப்பும் பெரும்பகுதி கீழ்நோக்கியதாக இருக்கும். கீழ்நோக்கிய இழுப்பு கால்களை விரிக்கும். உள்நோக்கிய இழுப்பு அவற்றைச் சுருக்கும். இந்தத் தாங்கியில் 16 செ.மீ. தொய்வு வரை சுருக்கும் விசை வெல்கிறது. அதற்கு மேல் விரிக்கும் விசை வெல்கிறது.

வலையை அவிழ்த்து, சட்டத்திற்குச் சட்டம் 47 செ.மீ. நீளம் வருமாறு தளர்த்திப் பின்னினாள். கால்கள் விரிந்துகொண்டே போய்விடாமல், கீழ்க்குறுக்குச் சட்டங்களுக்கு இடையே 60 செ.மீ. நீளத்தில் கயிறுகள் இரண்டு கட்டப்பட்டன. இப்போது மூட்டையை வைத்ததும் கால்கள் நகர முயன்றன, அடிக்கயிறு விண்ணென்று இறுகியது, தாங்கி நின்றது. இரு கால்களும் அடிக்கயிறும் சேர்ந்த முக்கோணம் அது. தாத்தா தம் கையை மூட்டையின்மேல் ஊன்றி அழுத்தினார். கயிறு மேலும் இறுகியதேயன்றி வேறொன்றும் அசையவில்லை.

மூட்டையை எடுத்துவிட்டு ஒரு சட்டகத்தைத் தூக்கினால், இரண்டும் ஒன்றினுள் ஒன்று படிந்துவிடும். முளைகளோடு சேர்த்து ஏறத்தாழ ஒரு சாண் தடிமன். அலமாரிக்கும் சுவருக்கும் இடையே அது நுழைந்துகொண்டது.

குறை இல்லாமல் இல்லை. மழையங்கியிலிருந்து சொட்டும் நீர் காலடியில் தேங்கியது. பழைய அலுமினியத் தட்டுகள் இரண்டு அங்கே வைக்கப்பட்டன. கயிறு பருத்திக் கயிறாதலால் ஈரத்தில் நீளம் மாறியது; பின்னர் நைலான் கயிறாக மாற்றப்பட்டது. தாயின் கைப்பை தொங்கும் இடம் எது என்பதில் இறுதி வரை உடன்பாடு ஏற்படவில்லை.

செப்டம்பர் மாதக் கடைசியில் அடுத்த பொதி வந்தது. வெளியே மழை. நான்கு மழையங்கிகளும் முளைகளில் சொட்டிக்கொண்டிருந்தன. தந்தை ஓலைக்கொட்டானை வலையின் நடுவில் வைத்தார். சிறுமி குனிந்து அடிக்கயிற்றை விரலால் சுண்டிப் பார்த்துவிட்டு, ஆச்சிக்குத் தொலைபேசி செய்யச் சென்றாள்.

அருஞ்சொற்பொருள்

ஓலைக்கொட்டான் – பனையோலையால் முடைந்த சிறு கூடை
உறி – பானை வைக்கத் தொங்கவிடும் கயிற்று அமைப்பு
கித்தான் – முரட்டுத் துணி
ஈர்க்கு – தென்னை ஓலையின் நடு நரம்பு
தொய்வு – தளர்ந்து கீழிறங்குதல்

பயிற்சி

1. சிறுமி முதலில் வரைந்த தாங்கி அவ்வீட்டிற்கு ஏன் பொருந்தவில்லை? இரு காரணங்களை எழுதுக.
2. குடையை விரித்தும் மடக்கியும் பார்க்க. விரிந்த குடை தானே மடங்காமல் தடுப்பது எது?
3. ஈர்க்குகளால் சதுரம் ஒன்று செய்க. அது சரியாமல் நிற்க இன்னும் எத்தனை ஈர்க்குகள், எங்கே வேண்டும்?
4. உங்கள் வீட்டில் மடங்கும் பொருள்கள் மூன்றனைக் கண்டறிந்து, அவற்றின் பெயர்களை வீட்டில் உள்ள பெரியவர்களிடம் தமிழில் கேட்டு எழுதுக.