அடையாள எண் இருந்தும் ஏன் பிடிபடுவதில்லை?

கேள்வி: அமெரிக்காவில் ட்ரோன்களுக்கு அடையாளம் கட்டாயமாமே. பிறகும் அத்துமீறல்கள் தொடர்வது ஏன்?

பதில்: அங்கே பதிவு செய்யப்பட வேண்டிய ட்ரோன்கள், பறக்கும்போது தம் எண்ணையும் உயரத்தையும் இயக்குபவர் நிற்கும் இடத்தையும் ஒலிபரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். 'ரிமோட் ஐடி' எனும் இந்த விதி 2024 மார்ச் முதல் கண்டிப்பாக அமலாகிறது. வண்டிக்கு நம்பர் பிளேட் போலத்தான். ஆனால் இந்த ஒலிபரப்புக்குப் பயன்படும் வைஃபை, ப்ளூடூத் அலைகள் அதிக தூரம் எட்டா; பக்கத்தில் யாராவது கருவியோடு நின்றால்தான் பிடிபடும். எண் கிடைத்தாலும் உரிமையாளர் பெயர் விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் ஏட்டில்தான் இருக்கிறது. உள்ளூர் போலீஸ் அங்கே கேட்டுத்தான் பெற வேண்டும். ஆத்திரப்பட்டு யாரும் சுட்டு வீழ்த்தவும் கூடாது. சட்டத்தின் கண்ணில் ட்ரோனும் விமானமே.

2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிஸ் காட்டுத்தீயின்போது, தடை செய்யப்பட்ட வான்வெளியில் ஒருவர் ட்ரோனை 2,500 மீட்டருக்கு அப்பால் பறக்கவிட்டார். அது தீயணைப்பு விமானத்தின் இறக்கையைத் துளைத்தது. வீடுகள் எரிந்துகொண்டிருந்த நேரத்தில் அந்த விமானம் தரையில் நின்றது. ஆள் பிடிபட்டு, குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஆனால் அது மோதிய பிறகுதானே! தீப்பகுதிகளிலும் விமான நிலையங்களைச் சுற்றியும் அலைவாங்கிகளை நிரந்தரமாக நிறுவுவதே முதல் வேலை என்பேன். ஒலிபரப்பையே அணைத்துவிட்டுப் பறப்பவர்களுக்கு ரேடார் வேண்டும்.