"ஏன் இறந்தார்?" என்று கேட்போம்

ஃபேரர் பார்க் ரயில் நிலையத்திலிருந்து ரேஸ் கோர்ஸ் சாலை வழியாகத் தேக்காவை நோக்கி நடந்தால், அருகிலேயே ஹேம்ப்ஷியர் சாலை இருக்கிறது. அங்கு இன்று நிலப் போக்குவரத்து ஆணையம் இயங்கும் வளாகம் ஒரு காலத்தில் கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையாக இருந்தது. மலாய் மொழியில் அப்பெயருக்கு 'எருமைக் கொட்டில்' என்று பொருள். 1924ஆம் ஆண்டு 30 படுக்கைகளோடு மகப்பேறு மருத்துவமனையாக மாறிய அங்கு, 1966ஆம் ஆண்டில் மட்டும் 39,835 குழந்தைகள் பிறந்தன. கின்னஸ் சாதனை நூலிலும் அது இடம்பெற்றது. 1997ல் புதிய கட்டடத்திற்கு மாறி, இப்போது கேகே மகளிர், சிறார் மருத்துவமனையாக விளங்குகிறது.

பிறந்த குழந்தைகளின் கணக்கை நாம் பெருமையோடு சொல்கிறோம். பிரசவத்தில் உயிரிழந்த தாய்மார்களைப் பற்றி எத்தனை பேர் பேசுகிறோம்? அம்மரணங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, அடுத்த தாயைக் காப்பாற்ற வழி தேடும் முறை ஒன்று உண்டு. தாதிமை பயிலும் மாணவி என்ற முறையில் அதனை எளிய தமிழில் விளக்க முயல்கிறேன்.

எது தாய் இறப்பு?

கருவுற்ற காலத்திலோ, கர்ப்பம் முடிந்த 42 நாட்களுக்குள்ளோ, கர்ப்பம் தொடர்பான காரணத்தால் ஒரு பெண் இறந்தால் அதனை உலகச் சுகாதார நிறுவனம் 'தாய் இறப்பு' என வரையறுக்கிறது. விபத்து போன்ற தொடர்பில்லாத காரணங்கள் இதில் சேரா. ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு எத்தனை தாய்மார் இறக்கின்றனர் என்பதே இதன் விகிதம்.

ஆனால் விகிதம் மட்டும் நமக்கு வழி காட்டாது. அதிக உதிரப்போக்கால் இறந்தார் என்று சான்றிதழில் எழுதியிருக்கலாம். உதிரப்போக்கு தொடங்கியபோது அருகில் யார் இருந்தார்? மருத்துவமனைக்குச் செல்ல முடிவெடுக்க எவ்வளவு நேரமாயிற்று? வாகனம் கிடைத்ததா? போய்ச் சேர்ந்த இடத்தில் இரத்தம் இருந்ததா? முடிவெடுப்பதில் தாமதம், சென்று சேர்வதில் தாமதம், சிகிச்சை கிடைப்பதில் தாமதம் என இவற்றை மூன்றாகப் பிரிப்பர். இம்மூன்றில் எது அந்தத் தாயின் உயிரைப் பறித்தது என்று தெரிந்தால்தான் எதைச் சரிசெய்வது என்று தெரியும்.

தமிழ்நாட்டின் வழி

இங்கிலாந்திலும் வேல்சிலும் 1952 முதல் நாடு தழுவிய அளவில் இத்தகைய ஆய்வு நடந்து வருகிறது. இறந்தவர் பெயரும் மருத்துவர் பெயரும் அறிக்கையில் வெளிவருவதில்லை. இலங்கையில் 1985ல் தாய் இறப்பைக் கட்டாயம் அறிவிக்க வேண்டும் என்றானது. தமிழ்நாடு 1990களிலேயே இம்முயற்சியைத் தொடங்கியது. இந்திய அரசு நாடு முழுமைக்குமான வழிகாட்டியை வெளியிட்டது 2010ல்தான்.

தமிழ்நாட்டில் ஒரு தாய் இறந்தால் 24 மணி நேரத்திற்குள் தகவல் சொல்ல வேண்டும். பிறகு சுகாதாரக் குழு வீட்டிற்கே சென்று குடும்பத்தாரிடம் நடந்ததைக் கேட்கிறது. சிகிச்சை அளித்த மருத்துவமனையில் தனி விசாரணை நடக்கிறது. இறுதியில் மாவட்ட ஆட்சியர் தலைமையிலான கூட்டத்தில் இறந்தவரின் உறவினரும் வந்து பேசலாம்.

இதே காலத்தில் 24 மணி நேர அவசர மகப்பேறு மையங்களும், இரத்த வசதியும், 2008ல் 108 ஆம்புலன்சும் வந்தன. 2001-03ல் 134ஆக இருந்த தமிழ்நாட்டின் தாய் இறப்பு விகிதம் 2018-20ல் 54ஆகக் குறைந்தது. ஆய்வு ஒன்றே இதற்குக் காரணம் என்று கூறிவிட முடியாது. ஆனால் எந்த ஊரில் எந்த வசதி இல்லை என்பதைக் காட்ட அதைவிடச் சிறந்த கருவி வேறில்லை என்பது என் கருத்து.

யார் குற்றவாளி?

இங்கு ஓர் ஆபத்தும் உண்டு. "ஏன் இறந்தார்?" என்ற கேள்வி, "யாரால் இறந்தார்?" என்று மாறிவிட்டால் ஆய்வு அங்கேயே முடிந்துவிடும். தண்டனைக்கு அஞ்சும் தாதி உண்மையைச் சொல்லமாட்டார். குறிப்பேட்டில் நேரம் திருத்தப்படும். ஒருவரைப் பணிநீக்கம் செய்து கோப்பை மூடிவிடலாம். இரத்தம் இல்லாத மருத்துவமனையில் அடுத்த வாரமும் இரத்தம் இருக்காது. அதே வேளையில், மனைவியை இழந்த கணவனுக்குப் பதில் பெறும் உரிமையும் உண்டு. இவ்விரண்டுக்கும் இடமளிப்பதுதான் இம்முறையில் மிகக் கடினமான பகுதி.

குடும்பங்களும் ஒரு வகையில் கோப்பை மூடுகின்றன. என் பாட்டியின் தங்கை இரண்டாவது பிரசவத்தில் இறந்தார். ஏன் என்று நான் கேட்டபோதெல்லாம் "அவ விதி, அவ்வளவுதான்" என்பார் பாட்டி. துக்கத்தைத் தாங்க அச்சொல் அவருக்கு உதவியது. ஆனால் அன்று என்ன நடந்தது என்று இனி எவரும் அறிய முடியாது.

மொழியின் பங்கு

மொழிக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். வீட்டிற்குச் சென்று கேட்கும் விசாரணை முழுக்க முழுக்க மொழியால் நடப்பது. எத்தனை மில்லிலிட்டர் இரத்தம் போனது என்று ஒரு மாமியாரிடம் கேட்டால் பதில் வராது. "எத்தனை துணிம்மா நனைஞ்சுது?" என்று கேட்டால் வரும். மருத்துவச் சொல்லைத் தமிழாக்கினால் மட்டும் போதாது. மக்கள் பேசும் பேச்சிலும் அதைக் கேட்கத் தெரிய வேண்டும்.

சிங்கப்பூரில் இன்று பிரசவத்தில் இறப்போர் மிகச் சிலரே. எனவே மரணத்தின் வாசல்வரை சென்று மீண்டவர்களின் அனுபவமும் நமக்குப் பாடமாகிறது. கடுமையான தலைவலி, பார்வை மங்கல், வலிப்பு, நிற்காத உதிரப்போக்கு, மூச்சுத்திணறல் ஆகியவை கர்ப்ப காலத்திலோ பிரசவத்திற்குப் பின்போ வந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ ஒரு கர்ப்பிணி இருந்தால், அவரிடமும், அவரைக் கவனித்துக்கொள்ளும் பெரியவர்களிடமும் இதைத் தமிழில் எடுத்துச் சொல்லுங்கள். முதல் தாமதத்தைத் தவிர்க்க நம்மால் இயன்றது இதுவே.