மருந்துக்கு முன் தண்ணீர்

தொட்டியில் ஒரு மீன் சோர்ந்து ஒதுங்கியதும் பலரும் மருந்து பாட்டிலைத் தேடுகிறார்கள். முதலில் எடுக்க வேண்டியது தண்ணீரைச் சோதிக்கும் கிட். எல்லா மீன்களும் ஒரே நேரத்தில் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், ஆக்சிஜன் குறைந்திருக்கலாம். அம்மோனியாவோ நைட்ரைட்டோ ஏறியிருக்கலாம். தொற்று பெரும்பாலும் ஒன்றிரண்டு மீன்களில் தொடங்கித்தான் மற்றவற்றுக்குப் பரவும். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். அதே அளவு அம்மோனியா, பிஎச் 7-ல் இருப்பதைவிட 8-ல் ஏறத்தாழ பத்து மடங்கு நஞ்சாகிறது. பிஎச் கூடிய போர்வெல் தண்ணீர் ஊற்றுபவர்கள் ‘கொஞ்சம்தானே’ என்று விட முடியாது. அன்றே பாதித் தண்ணீரை மாற்றுங்கள், ஒரு நாள் தீனியை நிறுத்துங்கள். தண்ணீர் மாற்றினால் மீனுக்கு அதிர்ச்சி என்று சொல்வார்கள். அதிர்ச்சி வருவது குளோரினாலும் வெப்ப, பிஎச் வேறுபாட்டாலும்தான். குளோரின் நீக்கி, வெப்பத்தையும் பிஎச் அளவையும் தொட்டியோடு ஒத்துப்போக வைத்து ஊற்றினால் அந்தப் பயம் வேண்டாம்.

மருந்து தாமதமானால் மீன் செத்துவிடாதா என்று கேட்கலாம். சோதனைக்குப் பத்து நிமிடம் போதும். தவறான மருந்தோ, ஃபில்டரில் கழிவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியாவைக் கொன்று அம்மோனியாவை ஏற்றிவிடும். மெத்திலீன் புளூவைத் தனித் தொட்டியில் மட்டும் பயன்படுத்தச் சொல்வது இதனால்தான். தண்ணீர் சரியாக இருந்தால் மீனை உற்றுப் பாருங்கள். உடலிலும் துடுப்பிலும் ரவை தூவியதுபோல் புள்ளிகள், கல்லில் உரசிக்கொள்ளும் பழக்கம் இரண்டும் சேர்ந்தால் வெண்புள்ளி நோய். ஆண் கோல்டுஃபிஷ்ஷின் செவுள் மூடியிலும் மார்புத் துடுப்பின் முன்விளிம்பிலும் மட்டும் வரிசையாக வெள்ளைப் புள்ளி இருந்தால் அது இனப்பெருக்கக் கால அடையாளம், மருந்தே வேண்டாம். வாயோரம் பஞ்சுபோல் படிவதைப் பூஞ்சை என்று முடிவு செய்துவிடாதீர்கள். முதுகில் சேணம்போல் வெளிறிய பட்டையும் தெரிந்தால் அது காலம்னாரிஸ் என்ற பாக்டீரியா நோயாக இருக்க வாய்ப்பு அதிகம். வெண்புள்ளிக்குச் செய்வதுபோல இதற்கும் தண்ணீரைச் சூடாக்கினால் நோய் வேகமெடுக்கும். அந்த மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றி, கால்நடை மருத்துவரிடம் கேட்டு பாக்டீரியா மருந்து கொடுங்கள். வீட்டில் மிஞ்சிய ஆன்டிபயாடிக் கேப்ஸ்யூலைப் பிரித்துக் கொட்டாதீர்கள்.

வெண்புள்ளிக்கோ முழுத் தொட்டிக்கும் வைத்தியம் தேவை. தோலுக்குள் இருக்கும் ஒட்டுண்ணியை மருந்து தொடாது. அது முதிர்ந்து உதிர்ந்து, மணலில் ஒட்டி, நூற்றுக்கணக்கான குஞ்சு உயிரிகளாகப் பிரிந்து நீந்தும் கட்டத்தில்தான் சாகும். எனவே வெப்பத்தைச் சிறிது சிறிதாக 30 பாகை செல்சியஸுக்கு உயர்த்தி அதன் சுழற்சியை விரைவுபடுத்துங்கள்; சென்னைக் கோடையில் ஹீட்டரே தேவைப்படாது. சூடான நீரில் ஆக்சிஜன் குறையும், ஆகவே ஏர் பம்ப் இடைவிடாமல் ஓடட்டும். செடிகள் இல்லாத தொட்டியில் அயோடின் சேராத கல்லுப்பை லிட்டருக்கு 2 கிராம் கணக்கில், ஒரு நாளில் இரண்டு மூன்று தவணையாகக் கரைத்து விடலாம். மாற்றும் தண்ணீருக்கு ஏற்ற உப்பை மட்டும் மீண்டும் சேர்க்க வேண்டும். உப்பு ஆவியாகிப் போவதில்லை. செடிகள் இருந்தால் மலகைட் கிரீன் கலந்த மருந்தை லேபிளில் சொன்ன அளவில் ஊற்றுங்கள். செதில் இல்லாத மீன்களுக்கான எச்சரிக்கையையும் படியுங்கள். ஃபில்டரில் கரி இருந்தால் மருந்தை உறிஞ்சிவிடும், எடுத்து விடுங்கள். தினமும் மணலைக் குழாயால் உறிஞ்சிச் சுத்தம் செய்யுங்கள். புள்ளிகள் மறைந்ததும் நிறுத்துவதுதான் பெரிய தவறு. அப்போதுதான் ஒட்டுண்ணி கீழே பெருகிக்கொண்டிருக்கிறது. கடைசிப் புள்ளி போன பிறகும் ஒரு வாரம் தொடருங்கள்.

புதிதாக வாங்கும் மீன்களை மூன்று வாரமாவது தனியே வையுங்கள். வலையும் தனியாக இருக்கட்டும். கையில் வெட்டுக்காயம் இருந்தால் கையுறை இல்லாமல் தொட்டிக்குள் கை விடாதீர்கள். மீனிடமிருந்து மனிதத் தோலுக்கு வரும் பாக்டீரியாத் தொற்று உண்டு. விரலில் வந்த கட்டி வாரக்கணக்கில் ஆறாவிட்டால், வீட்டில் மீன்தொட்டி இருப்பதை மருத்துவரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்.