மாசி மாதத்தில் நாற்றுப்பண்ணை காணல்
கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கு ஒரு பாடம்

தை அறுவடை முடிந்து களம் ஒழிந்தபின், மாசி பங்குனி மாதங்களில் குடியானவருக்குச் சிறிது ஓய்வு கிடைக்கின்றது. இவ்வோய்வை நாற்றுப்பண்ணைகளையும் மலர்க்காட்சிகளையும் கண்டு வருவதில் செலவிடுதல் மிகவும் பயன் தரும். ஆனால் எதற்காகச் செல்வது என்பதைத் தெளிந்து செல்லாவிடில், கைப்பணம் கரைவதன்றி வேறு பலன் உண்டாகாது.

பார்க்கும் காலமும் நடும் காலமும்

குளிர் மிகுந்த மேனாடுகளில் பனி விலகி வசந்தம் பிறந்ததும் செடிகளை வாங்கி நடுவது வழக்கம். அங்கே வசந்தத்தின் பின் வருவது மிதமான கோடை. திருப்பூர்ச் சீமையிலோ மாசியின் பின் வருவது பங்குனி வெயிலும் சித்திரைக் கத்திரியும் ஆகும். இச்சீமை மழை மறைவுப் பிரதேசமாகும். பரம்பிக்குளம் ஆழியாறு பாசனமும் நான்கு மண்டலங்களுக்கு முறை வைத்தே விடப்படுகின்றது. ஆகவே மாசியில் நட்ட இளங்கன்று, வேர் ஊன்றுமுன்னரே தண்ணீர் முடையில் அகப்பட்டு வாடிவிடும்.

எனவே மாசி பங்குனி, பார்த்துத் தெரிந்தெடுக்கும் காலமாகும். நடும் காலம் ஆடி மழையும் ஐப்பசி மழையுமே. இம்மாதங்களில் கன்றைக் கண்டு முன்பதிவு செய்து, சித்திரையில் குழி வெட்டி ஆறவிட்டு, மழை கண்டபின் நடுபவரே நஷ்டமின்றித் தோப்பு உண்டாக்குவர்.

மலர்க்காட்சியிற் கற்க வேண்டுவது

சைதாப்பேட்டையிலிருந்த விவசாயக் கல்லூரி 1906-ஆம் ஆண்டு கோயம்புத்தூருக்கு மாற்றப்பட்டது. அதுவே 1971-ஆம் ஆண்டு தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. அதன் தாவரவியல் பூங்காவில் 2024-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் மலர்க்காட்சி நடைபெற்றது. உதகமண்டலத்து மலர்க்காட்சியோ மே மாதத்தில் நடைபெறுவது.

இவ்விரண்டையும் ஒரே கண்ணோடு பார்த்தல் தகாது. உதகை 7,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் உள்ளது. திருப்பூர் சுமார் 1,000 அடி உயரத்தில் உள்ளது. மலையிற் செழித்த பூச்செடி சமவெளியில் ஒரு கோடையைத் தாண்டுவது அரிது. கோயம்புத்தூரிற் காணும் செடியோ ஏறக்குறைய இதே வெயிலைக் கண்டு வளர்ந்ததாகும். எக்காட்சியிலும் பூவின் நிறத்தை வியப்பதோடு நில்லாமல், அது எம்மண்ணில் வளர்ந்தது, எத்தனை நாளுக்கொரு முறை நீர் பாய்ச்சப்பட்டது என்று அங்குள்ளாரைக் கேட்டறிதல் வேண்டும்.

புறப்படுமுன் செய்ய வேண்டுவது

பண்ணைக்குச் செல்லுமுன், கிணற்று நீரையும் தோட்டத்து மண்ணையும் வேளாண்மைத் துறையின் பரிசோதனை நிலையத்தில் சோதித்துக்கொள்ளல் அவசியம். நொய்யற் கரையோரக் கிராமங்களில் பல ஆண்டுகளாகச் சாயக்கழிவு கலந்ததனால் நிலத்தடி நீரில் உப்பு மிகுந்தது. 2011-ஆம் ஆண்டு சென்னை உயர்நீதிமன்ற ஆணையின்படி சாயப்பட்டறைகள் மூடப்பட்டு, கழிவுநீரை வெளியே விடாத ஏற்பாட்டோடு பின்னர் இயங்கத் தொடங்கின. ஆயினும் மண்ணிற் படிந்த உப்பு எளிதில் நீங்குவதன்று.

உப்பு நீரைத் தென்னையும், சப்போட்டாவும், இலந்தையும் ஓரளவு தாங்கும்; மாவும் எலுமிச்சையும் தாங்கா. நீரின் குணம் அறியாது மாங்கன்று வாங்கியவர், பண்ணைக்காரரைக் குறை கூறிப் பயன் இல்லை.

கன்றைச் சோதிக்கும் முறை

சித்திரை மாதத்தில் கண்ணபுரத்து மாட்டுச் சந்தைக்குச் செல்லும் குடியானவர், பல்லைப் பிடித்துப் பார்த்து, சுழி பார்த்து, நடக்கவிட்டுப் பார்த்த பின்னரே காங்கேயம் காளைக்கு விலை பேசுகின்றார். அவரே செடி வாங்கும்போது இலையின் பசுமையை மட்டும் கண்டு பணம் கொடுத்துவிடுகின்றார். காளையின் குறை சில நாளில் தெரிந்துவிடும். தென்னையின் குறை தெரிய ஆறேழு ஆண்டுகள் செல்லும். ஆதலின் மரக்கன்றுக்கே சோதனை அதிகம் வேண்டும்.

தென்னம்பிள்ளை: ஒன்பது முதல் பன்னிரண்டு மாத வயதும், ஆறு இலைகளுக்குக் குறையாமலும், கழுத்துப் பகுதியின் சுற்றளவு 10 சென்டிமீட்டருக்குக் குறையாமலும் இருத்தல் வேண்டும். இலை விரைவிற் பிரிந்த பிள்ளை வீரியமுள்ளது. தாய்மரம் எங்குள்ளது என்று வினவி, கூடுமாயின் நேரிற் காணுதல் நலம்.

ஒட்டு மாங்கன்று: ஒட்டிய இடம் மேடுபள்ளமின்றி நன்கு கூடியிருத்தல் வேண்டும். அதற்குக் கீழே துளிர் விட்டிருந்தால், அத்துளிர் அடிச்செடியினுடையது. விரும்பிய இனத்தினுடையது அன்று.

பையில் வளர்ந்த கன்று: வெகுநாள் பையிலிருந்த கன்றின் வேர், அடியிற் சுருண்டு முறுக்கிக்கொள்ளும். அது நிலத்திலும் அவ்வாறே சுருண்டு வளர்ந்து, மரம் பெருத்தபின் காற்றிற் சாயக்கூடும். கன்றுகளில் ஒன்றைப் பையைக் கிழித்துக் காட்டும்படி கேட்டல் குற்றமன்று.

முருங்கை: 1989-ஆம் ஆண்டு பெரியகுளத்தில் வெளியிடப்பட்ட பி.கே.எம்.-1 என்னும் செடிமுருங்கை விதையினாலேயே வளர்வது. சுமார் ஆறு மாதத்திற் காய்க்கும். மூலனூர், தாராபுரம் பக்கத்தார் இதற்குக் கன்று விலை கொடுக்க வேண்டுவதில்லை; புது விதையே போதும்.

செடியோடு வரும் பகைவர்

2008-ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் கண்டறியப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளியோடு நில்லாமல் மரவள்ளியையும் மல்பெரியையும் பாழாக்கிற்று. போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து தருவித்து 2010-ஆம் ஆண்டு விடப்பட்ட சிறு குளவியே அதனை அடக்கிற்று. 2016-ஆம் ஆண்டு பொள்ளாச்சிப் பகுதியிற் காணப்பட்ட சுருள் வெள்ளை ஈ, தென்னந்தோப்புக்களில் எங்கும் பரவிற்று. இத்தகைய பூச்சிகள் ஊர்விட்டு ஊர் செல்வதற்குக் கன்றுகளே வாகனமாகின்றன.

ஆகையால் இலையின் அடிப்புறத்தைத் திருப்பிப் பார்த்தல் வேண்டும். அங்கே சுருள்சுருளாக வெண்ணிறக் கோலமோ, பஞ்சு போன்ற மாவோ, கீழிலைகளின் மேற்புறத்திற் கரும்படலமோ காணப்படின், அக்கன்றை இனாமாகக் கொடுத்தாலும் வாங்கலாகாது. ஒருவர் கொணர்ந்த பூச்சி ஊரார் அனைவருக்கும் உரியதாகிவிடும்.

சங்கம் செய்யத்தக்கது

குடும்பத்தில் இளையோர் பனியன் கம்பெனி வேலைக்குச் செல்வதனால் தோட்ட வேலைக்கு ஆள் கிடைப்பது அருமையாயிற்று. பலர் தென்னையின்மேல் நாட்டம் கொண்டனர். 25 அடி இடைவெளியில் ஏக்கருக்கு 70 பிள்ளைகள் வேண்டும். பத்து அங்கத்தினர் ஏக்கருக்கு ஒருவராக நடுவதாயின் 700 பிள்ளைகள் ஆகும். அவற்றிற் பத்தில் ஒன்று பழுதாயினும் 70 பிள்ளைகள், அதாவது ஒரு குடும்பத்தின் முழு ஏக்கர், வீணாயிற்று என்பது பொருள். தனித்தனியே வாங்குவோர்க்கு இந்நஷ்டம் புலப்படுவதில்லை. சேர்ந்து கணக்கிட்டாலே புலப்படும்.

ஆதலின் சங்கம் பின்வருமாறு ஒழுங்கு செய்துகொள்ளலாம். மாசியில் அனுபவமுள்ள அங்கத்தினர் மூவரையோ நால்வரையோ தேர்ந்து பண்ணைகளுக்கு அனுப்புக. அரசினர் தோட்டக்கலைப் பண்ணைகளையும், தேசியத் தோட்டக்கலை வாரியத்தின் தரச்சான்று பெற்ற தனியார் பண்ணைகளையும் முதலிற் காண்பது நலம். அவர்கள் கண்டதைப் பங்குனிக் கூட்டத்தில் எடுத்துரைக்க, தேவையானோர் பெயரும் எண்ணிக்கையும் ஒரே பட்டியலாக எழுதப்படுக. இனத்தின் பெயர், கன்றின் வயது, எடுத்துக்கொள்ளும் மாதம் ஆகியவை ரசீதில் எழுதப்பட்ட பின்னரே முன்பணம் கொடுக்கப்படுக. கன்று வந்து இறங்கும் நாளில் அதே அங்கத்தினர் வண்டியருகே நின்று, பழுதானவற்றை அப்பொழுதே திருப்பி அனுப்புக. தனி ஒருவர் சொல்லுக்கு இணங்காத பண்ணைக்காரரும் 700 கன்று வாங்கும் சங்கத்தின் சொல்லுக்கு இணங்குவர். வண்டிக் கூலியும் பங்காகக் குறையும்.

அடுத்த கூட்டத்தில் ஆலோசிக்க வேண்டிய வினாக்கள்

1. கிராமத்தில் எத்தனை கிணறுகளின் நீர் சோதிக்கப்பட்டுள்ளது? எக்கிணறுகளில் உப்பு மிகுதி?
2. சென்ற ஐந்து ஆண்டுகளில் நட்ட கன்றுகளில் எத்தனை உயிரோடுள்ளன? பட்டவை எம்மாதத்தில் நடப்பட்டவை?
3. நல்ல காய்ப்புள்ள தாய்மரங்கள் கிராமத்திலேயே எவரிடம் உள்ளன?
4. இவ்வாண்டு பண்ணை காணச் செல்வோர் யார்? அவர்கள் வழிச்செலவைச் சங்கம் ஏற்குமா?